பெரிய கேள்விகள் யாருக்குச் சொந்தம்?



வழக்கமாக நாம் கூடும்போது கூலியைப் பற்றிப் பேசுவோம். பஞ்சப்படியைப் பற்றிப் பேசுவோம். குத்தகையைப் பற்றிப் பேசுவோம். இன்று வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்த உலகம் எங்கிருந்து வந்தது? உயிர் என்பது என்ன? நடப்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டதா? செத்த பிறகு என்ன ஆகிறோம்? இந்த நான்கு கேள்விகள்தான் இன்றைய விஷயம்.

"இதெல்லாம் படித்தவர்கள் பேச வேண்டிய தத்துவம், மில்லில் நூல் நூற்கிறவனுக்கும் வயலில் களை பறிக்கிறவளுக்கும் இது எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நாம் அவர்களைத் திருப்பிக் கேட்கிறோம்: இந்தக் கேள்விகள் எழாத குடிசை எது? பிள்ளை பிறந்த வீட்டில் இது எழுகிறது. பிணம் கிடக்கும் வீட்டில் எழுகிறது. நல்ல மனிதன் நோயில் விழும்போதும், அயோக்கியன் சுகமாக வாழும்போதும் எழுகிறது. "என் தலையில் இப்படித்தான் எழுதியிருக்கிறது" என்று ஒரு தாய் பெருமூச்சு விடுகிறாளே, அது வெறும் பெருமூச்சா? அது ஒரு முழுத் தத்துவம். இத்தனை காலமாக யாரோ சொல்லிக் கொடுத்த தத்துவம்.

ஆகவே, நமக்குத் தத்துவம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நாம் எடுத்துக்கொள்ளாவிட்டால் வேறு யாராவது நமக்காக ஒன்றைத் தயாரித்துத் தலையில் கட்டிவிடுவார்கள். இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது.

ராஜகிருகத்தில் ஓர் இரவு

பீகாரில் இன்று ராஜ்கீர் என்று அழைக்கப்படும் ஊர், சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன்பு மகத நாட்டின் தலைநகரம். அன்று அதன் பெயர் ராஜகிருகம். அங்கே அஜாதசத்ரு என்று ஓர் அரசன். பெற்ற தகப்பன் பிம்பிசாரனைக் கொன்று சிம்மாசனம் ஏறியவன். ஒரு பௌர்ணமி இரவில் மேல்மாடத்தில் மந்திரிகளோடு உட்கார்ந்திருந்த அவன், மனத்துக்கு அமைதி தரக்கூடிய ஞானி யார் என்று விசாரித்தான். பிறகு வைத்தியர் ஜீவகனின் மாந்தோப்பில் தங்கியிருந்த புத்தரைப் போய்ப் பார்த்தான். பௌத்தர்களின் பாலி நூல் தொகுதியில் ‘சாமஞ்ஞபல சுத்தம்’ என்ற பகுதி இந்தக் கதையைச் சொல்கிறது.

அரசன் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். அவன் தொழில்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறான். யானைப்பாகன், சமையல்காரன், நாவிதன், சலவைத் தொழிலாளி, நெசவாளி, கூடை முடைகிறவன், குயவன் என்று அந்த வரிசை போகிறது. இவர்கள் எல்லாரும் தங்கள் தொழிலின் பலனைக் கண்ணெதிரே காண்கிறார்கள். தாங்களும் சாப்பிட்டுப் பெண்டு பிள்ளைகளையும் காப்பாற்றுகிறார்கள். அதுபோல் துறவிக்குக் கண்ணெதிரே கிடைக்கும் பலன் என்ன? இதுதான் கேள்வி. ஞானத்தை எதைக் கொண்டு அளந்தான் பார்த்தீர்களா? உழைப்பைக் கொண்டு அளந்தான். பானை செய்தால் பானை கிடைக்கிறது. தத்துவம் பேசினால் என்ன கிடைக்கிறது?

இதே கேள்வியை முன்பே ஆறு ஆசிரியர்களிடம் கேட்டதாகவும், ஒருவர் பதிலும் திருப்தி தரவில்லை என்றும் அரசன் சொல்கிறான். அந்த ஆறு பேரில் மூவரை மட்டும் நாம் பார்ப்போம்.

ஒருவர் பூரண காசியபர். கொன்றாலும் பாவமில்லை, கொடுத்தாலும் புண்ணியமில்லை என்பது அவர் கட்சி.

இரண்டாமவர் மற்கலி கோசாலர்; ஆசீவகர்களின் தலைவர். முயற்சி என்று ஒன்றுமில்லை, எல்லாம் நியதி என்றார் அவர். ஒரு நூல் உருண்டையை வீசி எறிந்தால் நூல் தீரும்வரை அது அவிழ்ந்துகொண்டே போகும். அதுபோல மூடனும் அறிஞனும் எழுதியபடி பிறவிகளில் உருண்டு கடைசியில்தான் துன்பம் தீர்வார்கள் என்று உவமை சொன்னார்.

மூன்றாமவர் அஜித கேசகம்பலர். மனிதன் நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கின் சேர்க்கை. செத்தால் அவை அவற்றோடு போய்ச் சேரும். மறு உலகம் கிடையாது என்றார்.

நூல் உருண்டையைச் சுற்றியது யார்?

கோசாலர் கொள்கை சிறிது காலம் இருந்து மறைந்துவிட்ட ஒன்றல்ல. கயைக்கு அருகில் பராபர் மலையில் பாறையைக் குடைந்த குகைகளை அசோகச் சக்ரவர்த்தி ஆசீவகர்களுக்குக் கொடுத்தார்; கல்வெட்டு இன்றும் இருக்கிறது. தென்னாட்டில் அவர்கள் 14-ஆம் நூற்றாண்டு வரை இருந்தார்கள் என்பதை ஏ. எல். பாஷம் 1951-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் காட்டினார். ஆசீவகர்கள் போய்விட்டார்கள். ஆனால் "தலையெழுத்து" என்ற சொல் இன்றும் நம் வீடுகளில் குடியிருக்கிறது.

ஆசீவகத் துறவிகள் கடுந்தவம் செய்தவர்கள். அவர்களைக் கேலி செய்வது நம் நோக்கமல்ல. ஆனால் உவமையைப் பரிசோதிக்க நமக்கு உரிமை உண்டு. நூலைப் பற்றிப் பேசும்போது நூல் நூற்கிறவனைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

உருண்டை தானாக உருண்டையாயிற்றா? யாரோ பருத்தி விதைத்தார்கள், யாரோ பறித்தார்கள், யாரோ நூற்றார்கள், யாரோ சுற்றினார்கள். சுற்றும்போது இழை அறுந்தது, யாரோ ஒட்டினார்கள். முறுக்குக் குறைந்தால் அறும். பஞ்சின் நார் குட்டையாக இருந்தால் அறும். காற்றில் ஈரம் குறைந்தால் அறும். இழை அறுவதைப் பார்த்து, "இது இந்த நூலின் தலையெழுத்து" என்று கைகட்டி நிற்கும் தொழிலாளி உண்டா? காரணத்தைத் தேடுகிறான். கண்டுபிடிக்கிறான். சரி செய்கிறான்.

இன்னொரு விஷயத்தையும் யோசியுங்கள். எல்லாம் நியதி என்றால் முதலில் விடுதலை பெறுகிறவன் யார்? அஜாதசத்ரு! "தகப்பனைக் கொன்றது நானல்ல, விதி" என்று அவன் சொல்லிவிடலாமே! பாவமே இல்லை என்று பூரண காசியபரும் சொல்லிவிட்டார். இரண்டும் அரசனுக்கு வசதியான பதில்கள். ஆனால் அந்த வசதியான பதில்கள் தனக்குத் திருப்தி தரவில்லை என்று அந்த அரசனே சொல்கிறான். புத்தரின் பேச்சைக் கேட்டு முடித்த பிறகு, தகப்பனைக் கொன்ற குற்றத்தைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான்.

விதி என்ற சொல் ஏழைக்கு ஆறுதல் தருகிறது என்பார்கள். அது தரும் பெரிய ஆறுதல் ஏழைக்கல்ல. பாத்திரத்தை உடைத்தவனுக்கும் பங்கைப் பிடுங்கியவனுக்கும்தான்.

அந்த அரசனுக்குப் புத்தர் எடுத்துச் சொன்ன முதல் உதாரணம் என்ன தெரியுமா? ஓர் அடிமை. எசமானுக்கு முன் எழுந்து, அவனுக்குப் பின் படுத்து, அவன் முகத்தைப் பார்த்தே நடக்கும் அடிமை. அவன் மனத்தில் ஒரு நினைப்பு எழுகிறது: அரசனும் மனிதன், நானும் மனிதன், அவன் தேவனைப்போல் அனுபவிக்கிறான், நான் ஏவல் செய்கிறேன், இது ஏன்? அந்தக் கதையில் அடிமை கண்ட காரணம் புண்ணியம். கண்ட வழி துறவு. அந்தக் காரணத்தை நாம் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் கேள்வி எவ்வளவு பெரியது பாருங்கள்! துறவியாகிவிட்ட அவனைத் திரும்ப வந்து அடிமை வேலை செய் என்று கூப்பிடுவாயா என்று புத்தர் கேட்கிறார். மாட்டேன், எழுந்து நின்று வணங்குவேன் என்கிறான் அரசன். பெரிய கேள்விகளைக் கேட்பவன் அரசனாகவோ பண்டிதனாகவோ இருக்க வேண்டும் என்ற சட்டம் அன்றைக்கும் இல்லை.

பூதவாதியும் மணிமேகலையும்

நம் தமிழிலும் இப்படி ஒரு சர்ச்சை இருக்கிறது. கூலவாணிகன் சாத்தனார் பாடிய மணிமேகலைக் காப்பியத்தில், கதாநாயகி வஞ்சி நகருக்குப் போகிறாள். பெண் வேடத்தில் போனால் பேசமாட்டார்கள் என்பதால் ஆண் துறவி வேடத்தில் போகிறாள். சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியில் வருகிறவன் பூதவாதி. அஜித கேசகம்பலரின் வழிவந்தவன் என்று சொல்லலாம். வடநாட்டில் இந்தக் கட்சிக்கு லோகாயதம் என்றும் சார்வாகம் என்றும் பெயர்.

பூதவாதி சொல்வது இது: தாதகிப் பூவும் கட்டியும் மற்றச் சரக்குகளும் சேர்ந்தால் மயக்கம் தரும் சக்தி பிறக்கிறது. பூவில் மயக்கமில்லை, கட்டியில் மயக்கமில்லை, சேர்க்கையில் பிறக்கிறது. அதுபோலப் பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது. கண்ணால் கண்டதுதான் உண்மை, அனுமானம் கூடாது.

மணிமேகலை சிரித்துவிட்டு ஒரு கேள்வி போடுகிறாள். உன் தாய் தகப்பன் இன்னார் என்பதை அனுமானம் இல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?

அடி சரியான இடத்தில் விழுந்தது! கண்ணால் கண்டதை மட்டும் நம்புவேன் என்றால் நாம் பிறந்ததையே நம்ப முடியாது. பூமி சூரியனைச் சுற்றுவதை நம்ப முடியாது. கண்டதிலிருந்து காணாததற்குப் போக வேண்டும். போன பிறகு அது சரிதானா என்று மறுபடியும் கண்டு சோதிக்க வேண்டும். பூதவாதியிடம் நல்ல கருத்து இருந்தது; சோதிக்கும் கருவி இல்லை.

லோகாயதர்களின் மூல நூல்கள் அழிந்துவிட்டன. அவர்கள் சொன்னதை எதிரிகள் எழுதியதிலிருந்தே பெரும்பாலும் அறிகிறோம். சிதறிக் கிடந்த செய்திகளையெல்லாம் திரட்டி, 1959-இல் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா ‘லோகாயதம்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். இந்தியா முழுவதும் ஆன்மிகமே பேசியது, உலகாயதம் வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்கிறவர்களுக்கு அந்த நூல் நல்ல பதில்.

இதையும் மறந்துவிடாதீர்கள்: இந்தப் பெரிய கேள்விகளைக் கேட்ட மணிமேகலை யார்? ஒரு நாட்டியப் பெண்ணின் மகள். அமுதசுரபி ஏந்திப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டவள். சிறைச்சாலையை அறச்சாலையாக்க வைத்தவள். பசியைப் பற்றிய கவலையும் பிரபஞ்சத்தைப் பற்றிய கேள்வியும் ஒரே மனத்தில் இருக்கலாம். ஒன்றிருந்தால் மற்றது இருக்காது என்பது பொய்.

அரிவாளில் இருக்கும் இரும்பு

பூதவாதிக்குக் கிடைக்காத கருவிகள் இன்று இருக்கின்றன. அவற்றைக் கொண்டு என்ன கண்டார்கள்?

முதலில் உலகம். நட்சத்திரம் எதனால் ஆனது என்பதை யாரால் சொல்ல முடியும்? போய்த் தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அதில் கோடுகள் தெரிகின்றன. அந்தக் கோடுகளைப் படிக்கும் வழியை 1920-இல் வகுத்துக் கொடுத்தவர் மேகநாத சாஹா. டாக்காவுக்கு அருகே ஒரு கிராமத்தில் சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாக 1893-இல் பிறந்தவர். அவர் வகுத்த சமன்பாட்டைக் கொண்டு 1925-இல் சிசீலியா பெய்ன் என்ற பெண் விஞ்ஞானி, நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று காட்டினார். மேல் உலகம் ஒரு பொருள், கீழ் உலகம் வேறு பொருள் என்ற பழைய எண்ணம் தகர்ந்தது.

1929-இல் எட்வின் ஹப்பிள், தொலைவிலுள்ள நட்சத்திரக் கூட்டங்கள் விலகிப் போய்க்கொண்டிருப்பதைக் காட்டினார். அப்படியானால் முன்பு எல்லாம் நெருக்கமாக, கடும் வெப்பமாக இருந்திருக்க வேண்டும். பார்த்தீர்களா, மணிமேகலை சொன்ன அனுமானம்! அது சோதனைக்கும் வந்தது. 1965-இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் தங்கள் ரேடியோ ஆன்டெனாவில் ஓயாத ஓர் இரைச்சலைக் கண்டதை வெளியிட்டார்கள். முதலில் புறா எச்சம்தான் காரணமோ என்று அதைக்கூடச் சுத்தம் செய்து பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அந்த ஆதி வெப்பத்தின் மிச்சம்தான் அது. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள் என்றும், பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்றும் இன்று கணக்கிடப்பட்டிருக்கிறது.

இரும்பு எங்கிருந்து வந்தது? நட்சத்திரங்களின் உலையில் வெந்து, அவை வெடித்தபோது சிதறியது. மூலகங்கள் நட்சத்திரங்களில் உண்டாகும் விதத்தை 1957-இல் நான்கு விஞ்ஞானிகள் விளக்கமாக எழுதினார்கள். நம் உடம்பில் சுமார் 4 கிராம் இரும்பு இருக்கிறது, பெரும்பகுதி ரத்தத்தில். கதிர் அறுக்கும் அரிவாளின் இரும்பும், அதைப் பிடித்த கையில் ஓடும் ரத்தத்தின் இரும்பும், மில் இயந்திரத்தின் இரும்பும் ஒரே வகை உலையிலிருந்து வந்தவை. பண்ணையார் ரத்தத்துக்குத் தனி உலை கிடையாது.

உயிரும் மனமும்

உயிர் என்பது பொருளுக்கு வெளியே இருந்து ஊதப்படும் ஒன்று என்று நினைத்தார்கள். 1828-இல் ஜெர்மனியின் வூலர், உயிர்களின் உடம்பில் மட்டுமே உண்டாகும் என்று கருதப்பட்ட யூரியாவைப் பரிசோதனைச் சாலையில் தயாரித்தார். உயிர் எப்படித் தோன்றியிருக்கும் என்பதற்கு 1924-இல் மாஸ்கோவில் ஓபாரினும், 1929-இல் இங்கிலாந்தில் ஹால்டேனும் ஒரே மாதிரியான விளக்கத்தைத் தனித்தனியே கொடுத்தார்கள். இந்த ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். 1953-இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற மாணவர், மீதேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாட்களில் அமினோ அமிலங்கள் கிடைத்தன. உயிருள்ள பொருளின் செங்கற்கள் அவை. செங்கல் கிடைத்ததால் வீடு கட்டியாயிற்று என்று அர்த்தமல்ல. ஒரு முழு உயிரணுவை வெறும் ரசாயனங்களிலிருந்து இதுவரை எவரும் உண்டாக்கவில்லை. ஆனால் பாதை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிகிறது.

மனத்தைப் பற்றி நமக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் தொழிலாளி. அமெரிக்காவில் வெர்மாண்ட் பகுதியில் ரயில் பாதைக்காகப் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்த பினியாஸ் கேஜ் என்ற மேஸ்திரி. வயது 25. 1848 செப்டம்பர் 13-ஆம் தேதி, மருந்து இடிக்கும் இரும்புக் கம்பி வெடியின் வேகத்தில் கன்னத்தின் கீழ் நுழைந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. கம்பியின் நீளம் மூன்றரை அடிக்கு மேல். எடை சுமார் 6 கிலோ. ஆள் பிழைத்துவிட்டார்! ஆனால் பொறுமையும் பொறுப்பும் உள்ள மனிதராக இருந்தவர் முரடராக, நிலையற்றவராக மாறிவிட்டார் என்று அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் எழுதி வைத்தார். ஆன்மா மூளைக்கு அப்பாற்பட்டது என்றால், ஒரு கம்பி எப்படி ஒருவர் குணத்தைத் துளைத்தது? பிற்காலத்தில் அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதும் உண்மை. அடிபட்ட மூளையும் ஒழுங்கான வேலையில் மறுபடி தேறும் என்பதற்கு இது சாட்சி என்று கூறுகிறார்கள்.

மூளை இல்லாமல் மனமில்லை என்பது உறுதி. ஆனால் மூளையின் அசைவு எப்படி வலியாகவும் அன்பாகவும் உணரப்படுகிறது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. தீராததைத் தீர்ந்துவிட்டது என்று சொல்வது நம் வேலையல்ல. தீரவில்லை என்பதைக் காட்டி அந்த இடைவெளியில் பேயையும் பூதத்தையும் குடிவைப்பதும் நியாயமல்ல.

விதியும் காரணமும்

இப்போது ஒரு தோழர் கேட்கலாம்: "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்கிறீர்கள். அப்படியானால் நாம் செய்வதும் காரணங்களால் ஆனதுதானே? இதுவும் விதிதானே?"

நல்ல கேள்வி. விதிக்கும் காரணத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. நீ என்ன செய்தாலும் முடிவு மாறாது என்பது விதி. முடிவு காரணங்களைப் பொறுத்தது, உன் செயலும் அந்தக் காரணங்களில் ஒன்று என்பது விஞ்ஞானம். முதலாவது கையைக் கட்டுகிறது. இரண்டாவது கையைக் கணக்கில் சேர்க்கிறது.

உதாரணம் பாருங்கள். பெரியம்மை. நம் ஊரில் அதற்குப் பெயரே தனி. அம்மன் முத்துப் போட்டாள் என்பார்கள். வேப்பிலை கட்டி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி, பிழைத்தால் அவள் கருணை, செத்தால் தலையெழுத்து என்று இருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் இந்த நோய் உலகில் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றது என்று மதிப்பிடுகிறார்கள். 1796-இல் ஜென்னர் தடுப்பு முறையைக் கண்டார். அதை வீடு வீடாகக் கொண்டு சேர்க்க உலகம் முழுவதும் சுகாதாரத் தொழிலாளர்கள் நடையாய் நடந்தார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி காணப்பட்டது 1975-இல். உலகில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்காரர், அவரும் பிழைத்தார். 1980-இல் பெரியம்மை ஒழிந்தது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. கோடிக்கணக்கான தலைகளில் எழுதியிருந்ததாகச் சொன்ன எழுத்து எங்கே போயிற்று? ஊசி முனையால் அழிக்கப்பட்டது!

இன்னொன்று பஞ்சம். 1943-இல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். அது விதியா? வானம் பொய்த்ததா? 1942 அக்டோபரில் புயல் அடித்தது உண்மை. ஆனால் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் கணக்கைப் பிரித்துக் காட்டினார். 1943-இல் இருந்த தானியம் அதற்கு முந்திய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 சதவீதம்தான் குறைவு. பஞ்சமே இல்லாத 1941-ஐ விட 13 சதவீதம் அதிகம்! பின் ஏன் செத்தார்கள்? யுத்தச் செலவால் அரிசி விலை ஏறியது, கூலி ஏறவில்லை. ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று பிரிட்டிஷ் சர்க்கார் கடலோரப் படகுகளைப் பறிமுதல் செய்ததில் மீனவர் பிழைப்பு போயிற்று. மிக அதிகமாக அடிபட்டவர்களில் விவசாயத் தொழிலாளர்கள் முன்னால் நிற்கிறார்கள். நெல்லை விளைவித்த கைகளுக்கு அரிசி வாங்கக் காசில்லை.

"இத்தனை துன்பம் ஏன்?" என்பது தத்துவத்தின் மிகப் பழைய கேள்வி. 1943-ஐப் பொறுத்தவரை அதற்கு விடை உண்டு. விலையும் கூலியும் படகுமாக எண்ணிக் காட்டக்கூடிய விடை. எண்ணக்கூடியதை எண்ணாமல், "கர்மம்" என்ற ஒரு சொல்லால் மூடினால் செத்தவர்களுக்கு இரண்டாவது முறையும் அநியாயம் செய்கிறோம்.

மரணத்தின் முன்னால்

எல்லாத் துன்பமும் இப்படித் தீருமா? தீராது. கூலி உயர்ந்தாலும் தாய் சாவாள். ஊசி போட்டாலும் ஒரு நாள் நாமும் போவோம். இதை மறைத்துப் பேசுகிற தத்துவம் சவக்குழியருகே நிற்கிறவனுக்கு உதவாது.

உடம்பு பிரிந்தபின் உணர்வு தொடர்கிறது என்பதற்குச் சோதனையில் நிற்கும் சாட்சி கிடையாது. பஞ்சபூதம் பஞ்சபூதத்தோடு சேரும் என்று நம் ஒப்பாரிப் பெண்களுக்கும் தெரியும். ஆனால் ஒருவர் செய்தது அவரோடு போவதில்லை. அவர் வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. அவர் பழக்கிய பையன் தறி ஓட்டுகிறான். இது கவிதை அல்ல, கண்ணெதிரே காணும் பலன். அஜாதசத்ரு கேட்டானே, அதே பலன்தான்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது? ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் 1714-இல் இதைக் கேட்டார். அவருக்கு மிக முன்பே ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 129-ஆம் பாட்டு இதைத் தொட்டு, மேலே இருந்து பார்ப்பவனுக்காவது தெரியுமோ, அவனுக்கும் தெரியாதோ என்ற சந்தேகத்தோடு முடிகிறது. 1380 கோடி ஆண்டுகள் பின்னால் போன விஞ்ஞானமும் இந்தக் கேள்வியின் வாசலில்தான் நிற்கிறது. புத்தர் இத்தகைய கேள்விகளை ஒதுக்கி வைத்தார். விஷ அம்பு பட்டவன், எய்தவன் யார், அவன் ஊர் எது என்று தெரிந்த பிறகுதான் அம்பைப் பிடுங்கவிடுவேன் என்றால் செத்துப்போவான் என்று சொன்னார்.

அவர் சொன்னதில் பாதியை எடுத்துக்கொள்வோம். முதலில் அம்பைப் பிடுங்குவோம். பிடுங்கிய பிறகு, எய்தவன் யார் என்றும் கட்டாயம் கேட்போம். காயம் ஆறியபின் நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்து, "நீ ஏன் இருக்கிறாய்?" என்றும் கேட்போம். அந்த ஓய்வு எல்லாருக்கும் வேண்டும். பதினான்கு மணி நேரம் உழைத்தவனுக்குக் கேள்வி கேட்கத் தெம்பு இருக்காது. எட்டு மணி நேர வேலை என்பது உடம்புக்கு மட்டுமான கோரிக்கை அல்ல.

விடையை எடைபோடுவது எப்படி?

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறோம். இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல உங்களிடம் பலர் வருவார்கள். சாமியாரும் வருவார், பிரசங்கியும் வருவார், நம்மைப் போன்றவர்களும் வருவோம். யார் சொன்னாலும் நெல்லை நிறுப்பதுபோல் விடையை நிறுத்துப் பாருங்கள்.

முதல் எடைக்கல்: இதைச் சோதிக்க முடியுமா? தப்பென்றால் தப்பென்று தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டா?

இரண்டாவது: இந்த விடையால் விடுதலை பெறுகிறவன் யார்? அடிபட்டவனா, அடித்தவனா?

மூன்றாவது: இதை ஏற்றுக்கொண்டால் நம் கைக்கு வேலை இருக்கிறதா, இல்லை கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறதா?

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தேறிவிட்டது என்பதற்காக ஒரு விடை உண்மையாகிவிடாது. நமக்கு இனிக்கிறது என்பது சாட்சியல்ல. முதல் எடைக்கல்லில் தேறாத விடை, நம் பக்கம் பேசினாலும் அது பதர்தான். பதரை நம் மூட்டையில் கட்டினால் நமக்குத்தான் நஷ்டம்.

தோழர்களே! நாளைக் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் போவீர்கள். நடவுக்குப் போகிறவர்கள் போவீர்கள். போகும் வழியில் பேசுங்கள். வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது பேசுங்கள். பிள்ளைகள் "அப்பா, வானம் எங்கே முடிகிறது?" என்று கேட்டால், "வாயை மூடு" என்று சொல்லாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை, "வா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். மனிதன் இருக்கும்வரை இந்தக் கேள்விகள் இருக்கும். அவை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்ட நிலமல்ல. உழுகிறவர்களே, இறங்கி உழுங்கள்!